கரையேறிய பின்: புனைகதையில் ஈமானும் உயிர்வேட்கையும்

கடலில் அகப்பட்டவன், தீவில் தனித்தவன், பாலையில் வழி தவறியவன் ஆகியோரைப் பற்றிய கதைகள் எல்லா மொழிகளிலும் உள்ளன. அக்கதைகளைப் பற்றிய திறனாய்வுகளில் ஒரு முடிவு திரும்பத் திரும்ப வருகிறது: நம்பிக்கையே அவனைக் காப்பாற்றியது என்பதாகும் அது. மார்க்கப் பற்றுடையோர் இதைக் கேட்டு மகிழ்வதும் இயல்பே. எனினும் இம்முடிவுக்குள் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. உயிரைக் காக்கும் திறனைக் கொண்டே அது நம்பிக்கையை மதிப்பிடுகிறது. இவ்வாறு மதிப்பிட்டால் ஈமான் ஒரு மிதவையாகிவிடும். கரை சேர்ந்தவனுக்கு மிதவை தேவையில்லை. கரை சேராதவனின் ஈமானைப் பற்றியோ சொல்வதற்கு எதுவுமே இராது.

திருக்குர்ஆன் இதே கடற்காட்சியை எடுத்துக்கொண்டு வேறோர் அளவுகோலைத் தருகிறது. யூனுஸ், பனீ இஸ்ராயீல், அன்கபூத், லுக்மான் ஆகிய அத்தியாயங்களில் இக்காட்சி இடம்பெறுகிறது. கப்பலில் செல்வோரைப் புயலும் அலையும் சூழ்கின்றன. அவர்கள் தம் பிற தெய்வங்களையெல்லாம் மறந்து அல்லாஹ் ஒருவனையே உளத்தூய்மையுடன் அழைக்கிறார்கள். அந்நேரத்து உளத்தூய்மையைக் குர்ஆன் மறுக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அவன் அவர்களைக் காப்பாற்றிக் கரை சேர்த்த பின் என்ன நிகழ்கிறது என்பதையே அது சுட்டிக்காட்டுகிறது. பலர் பழைய நிலைக்கே மீள்கிறார்கள். சிலரே நடுநிலையில் நிற்கிறார்கள். கடலின் நடுவே ஈமான் கொள்வது அரிதன்று. கரையில் அது நிலைப்பதே அரிது என்பது இவ்வசனங்கள் உணர்த்தும் பாடம்.

இந்த அளவுகோலைக் கொண்டு உலகப் புகழ்பெற்ற சில புனைகதைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மாந்தன் எப்படிப் பிழைத்தான் என்பதோடு நில்லாமல், பிழைத்து எதற்காக வாழ்ந்தான் என்று கேட்கும்போது இக்கதைகளின் உண்மையான எடை புலப்படும்.

ஹய்யும் காமிலும்

தீவில் தனித்து வாழும் மனிதனின் கதைக்கு அரபு மொழியில் நெடிய வரலாறு உண்டு. அந்தலூஸில் வாதீ ஆஷ் எனும் ஊரில் பிறந்து, முவஹ்ஹிதீன் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃபின் மருத்துவராக விளங்கிய இப்னு துஃபைல் (இறப்பு ஹி. 581 / கி.பி. 1185) எழுதிய 'ஹய்யு இப்னு யக்ளான்' அவ்வரலாற்றின் சிகரமாகும். 'விழித்திருப்பவனின் மகன் உயிருள்ளவன்' என்பது அப்பெயரின் பொருள். உயிரோடிருத்தல் விழிப்பின் பிள்ளை என்னும் கருத்தைப் பெயரிலேயே பொதிந்து வைத்தார் ஆசிரியர்.

கதை நிகழும் தீவு நிலநடுக்கோட்டுக்கு அருகே இந்தியத் தீவுகளுள் ஒன்று என்பது நூலின் குறிப்பு. ஒரு மான் அக்குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கிறது. அவனுக்கு ஏழு வயதாகும் வேளையில் மான் இறந்துவிடுகிறது. எது நின்றதால் தாய் நின்றாள் என்று அறியும் தவிப்பில் அவன் அதன் நெஞ்சைக் கீறி இதயத்தை ஆராய்கிறான். அதன் ஓர் அறை வெறுமையாய்க் கிடக்கக் காண்கிறான். அங்கிருந்த ஒன்று போய்விட்டது; தன்னை நேசித்தது இந்த உடலன்று, போய்விட்ட அதுவே என்று உணர்கிறான். ஒரு காகம் இறந்த காகத்தைப் புதைப்பதைப் பார்த்துத் தாயைப் புதைக்கக் கற்கிறான். ஆதம் (அலை) அவர்களின் மகன் பற்றிய குர்ஆனிய நிகழ்வு இங்கே எதிரொலிப்பதை வாசகர் எளிதில் உணர்வர்.

நெருப்பு, உடை, உறைவிடம் என உயிர்வாழ்வுக்கு வேண்டியவற்றையெல்லாம் ஹய் இளமையிலேயே தேடிக்கொள்கிறான். நூலின் பெரும்பகுதி அதற்குப் பின்னரே தொடங்குகிறது. பிழைத்தாயிற்று, இனி என்ன என்னும் கேள்வியே அதன் உயிர்நாடி. படைப்பிலிருந்து படைத்தவனை நோக்கி அவன் அறிவு ஏறிச் செல்கிறது. அவ்வாறு ஏறும் தோறும் அவனுடைய உயிர்வேட்கை கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. உடலைத் தாங்கும் அளவுக்கே உண்கிறான். கனியைத் தின்றால் அதன் விதை அழியாமல் காக்கிறான். நீரின்றி வாடும் செடிக்கு நீர் வார்க்கிறான். தான் வாழ்வதற்காகப் பிற உயிர்களை எவ்வளவு குறைவாகத் துன்புறுத்தலாம் என்பதே அவன் வகுத்துக்கொண்ட சட்டம்.

ஏறத்தாழ ஐம்பது வயதில் அவன் அப்ஸால் என்னும் பக்தரைச் சந்தித்து மொழி கற்கிறான். மக்கள் உண்மையை அறியாது வாழ்கிறார்களே என்ற இரக்கத்தால் ஸலாமான் ஆளும் தீவுக்கு அப்ஸாலுடன் செல்கிறான். தான் கண்டதை அவர்களுக்கு எடுத்துரைக்க, அவர்கள் முகம் சுளித்து விலகுகிறார்கள். ஷரீஅத்தின் வெளிப்படையான ஒழுங்கே அவர்களுக்கு ஏற்றது என உணர்ந்து, அதைப் பற்றிப் பிடிக்குமாறு சொல்லிவிட்டுத் தன் தீவுக்கே திரும்புகிறான். இறக்கும்வரை இருவரும் அங்கே வணக்கத்தில் கழிக்கிறார்கள். கரைக்கு வந்தும் கரையில் தங்க இயலாத ஞானியின் துயரம் இது. இந்நூலை வாசிக்கும் எவருக்கும் எழும் கேள்வி ஒன்றுண்டு: மக்களை விட்டகன்ற ஈமான் முழுமையானதாகுமா?

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இக்கேள்விக்கு விடை தர முயன்றவர் இப்னுந் நஃபீஸ் (இறப்பு ஹி. 687 / கி.பி. 1288). நுரையீரல் வழியாகக் குருதி சுற்றுவதை விளக்கிய அதே மருத்துவ மேதைதான் இவர். ஹய் திறந்து பார்த்த இதயத்தைப் பற்றி முன்னோரினும் சரியாக அறிந்திருந்தவர் எனலாம். இவருடைய 'அர் ரிஸாலத்துல் காமிலிய்யா'வின் தலைவன் காமிலும் தீவில் தனியே தோன்றி வளர்கிறான். ஒருநாள் கப்பலில் வந்தோர் அவனுக்குச் சமைத்த உணவும் உடையும் தருகிறார்கள். அவற்றின் சுகத்தை உணர்ந்ததும் காமில் சிந்திக்கிறான்: மனிதன் நல்ல முறையில் வாழப் பிற மனிதர் வேண்டும், பலர் சேர்ந்து வாழ நீதியான சட்டம் வேண்டும், அச்சட்டம் ஏற்கப்பட அதை இறைவனிடமிருந்து கொண்டுவரும் நபி வேண்டும். ஒரு கவள உணவிலிருந்து நுபுவ்வத்தின் தேவைவரை செல்லும் இத்தருக்கம் வியப்பூட்டுவது. உயிர்வேட்கையை இழிவாகக் கருதாமல், ஈமானுக்கு இட்டுச் செல்லும் படிக்கட்டாகவே அதைக் காண்கிறார் இப்னுந் நஃபீஸ். அந்தப் படிக்கட்டும் மக்களின் ஊடாகவே செல்கிறது.

க்ரூஸோவின் வாற்கோதுமை

'ஹய்யு இப்னு யக்ளான்' 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் இலத்தீனில் வெளிவந்தது. 1708இல் சைமன் ஆக்லி அதை அரபியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1719இல் டேனியல் டீஃபோவின் 'ராபின்ஸன் க்ரூஸோ' வெளியாயிற்று. டீஃபோ இப்னு துஃபைலுக்குக் கடன்பட்டவரா என்பது ஆய்வாளரிடையே முடிவுறாத வழக்கு. அதை விடுத்து நாவலையே நோக்குவோம்.

க்ரூஸோவைச் சிறுவர்க்கான சாகசக் கதையாக மட்டும் அறிந்தவர்கள் அதன் சமய அடித்தளத்தைக் காண்பதில்லை. தீவில் ஒருநாள் க்ரூஸோ வாற்கோதுமைக் கதிர்கள் முளைத்திருக்கக் கண்டு, இறைவன் தனக்காகவே விளைவித்த அற்புதம் என்று உருகுகிறான். பிறகு, கோழித் தீவனப் பையைத் தானே அவ்விடத்தில் உதறியது நினைவுக்கு வருகிறது. அற்புதம் மறைந்ததும் நன்றியுணர்ச்சியும் தணிந்துவிடுகிறது. எலிகள் தின்று மிஞ்சிய சில மணிகள் அந்த நிழலான இடத்தில் விழுந்ததும் இறைவனின் ஏற்பாடே என்று பின்னரே அவன் சிந்திக்கிறான். அஸ்பாப் எனும் காரணங்கள் தெரிந்துவிட்டால் முஸப்பிப் எனும் காரணகர்த்தாவை மறந்துவிடும் மனித மனத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய இடங்கள் புனைகதையில் அரியவை.

அதன்பின் கடும் காய்ச்சலில் வீழ்ந்து, அச்சுறுத்தும் கனவொன்றைக் கண்டு, பைபிளைத் திறந்து அழுது மன்னிப்புக் கேட்கிறான். விடுதலை என்ற சொல்லுக்குத் தீவிலிருந்து மீள்வது என்று பொருள் கொண்டிருந்தவன், பாவத்திலிருந்து மீள்வதே பெரிய விடுதலை என உணர்கிறான். இதுவரை டீஃபோவை நாம் தயக்கமின்றிப் பாராட்டலாம்.

இனி கரையின் அளவுகோலை வைத்துப் பார்ப்போம். தீவுக்கு வருவதற்கு முன் மொராக்கோவின் ஸலே நகரில் க்ரூஸோவே அடிமையாக இருந்தவன். ஸூரி என்ற மூர் சிறுவனுடன் படகில் தப்புகிறான். அச்சிறுவன் அவனுக்காக உயிரைக் கொடுக்கவும் துணிகிறான். அவர்களைக் காப்பாற்றிய போர்த்துக்கேயக் கப்பல் தலைவனிடம் க்ரூஸோ அவனை அறுபது வெள்ளிக் காசுகளுக்கு விற்றுவிடுகிறான். கிறிஸ்தவனாகிவிட்டால் பத்து ஆண்டுகளில் விடுதலை என்பது நிபந்தனை. பின்னர் பிரேசில் தோட்டத்தில் கைக்கு ஆள் வேண்டியபோதும், தீவில் துணை வேண்டியபோதும் ஸூரி நினைவுக்கு வருகிறான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்தில்தான் கப்பல் உடைந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்ட க்ரூஸோ லிஸ்பன் நகரில் அதே கப்பல் தலைவனைக் கண்டு, தன் தோட்டம் ஈட்டிய பெருஞ்செல்வத்தை அறிந்து, அவனுக்கு நன்றிக் கடன் செலுத்துகிறான். ஸூரி என்னவானான் என்று அவன் கேட்டதாக நாவலில் இல்லை. பாவ மன்னிப்புக் கேட்டவனின் கண்ணீர் பொய்யன்று. ஆயினும் தான் விற்ற முஸ்லிம் சிறுவனை அக்கண்ணீர் சென்றடையவில்லை. பிறருக்குச் செய்த அநீதி, அவர்களிடம் உரிமையைத் திருப்பித் தராமல் தவ்பாவால் மட்டும் நீங்காது என்பது நம் அறிஞர்கள் வகுத்த விதி. அவ்விதியை டீஃபோவின் தலைவன் எண்ணிப் பார்க்கவேயில்லை.

புதுச்சேரிச் சிறுவனின் இரு கதைகள்

நம் காலத்தில் ஈமானையும் உயிர்வேட்கையையும் இணைத்துப் பெரும்புகழ் பெற்ற நாவல் யான் மார்ட்டெல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை'. 2001இல் வெளிவந்து 2002இல் புக்கர் பரிசு பெற்றது. 2012இல் ஆங் லீயின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. கதைத் தலைவன் பை புதுச்சேரியின் விலங்குக் காட்சிசாலை உரிமையாளரின் மகன். இந்துவாகப் பிறந்த அவன் கிறிஸ்தவத்தையும் இஸ்லாத்தையும் சேர்த்தே பின்பற்றுகிறான். அவனுக்குத் தொழுகையை அறிமுகப்படுத்துபவர் குர்ஆனை மனனம் செய்த ஒரு ரொட்டிக் கடைக்காரர். அந்த ஸூஃபியின் பெயர் சதீஷ் குமார் என்பது தமிழ் முஸ்லிம் வாசகரைத் துணுக்குறச் செய்யும். இறைமறுப்பாளரான உயிரியல் ஆசிரியருக்கும் அதே பெயரைச் சூட்டி இருவரையும் இணை வைக்க விரும்பினார் ஆசிரியர். அவ்விருப்பத்தின் பொருட்டு ஒரு சமூகத்தின் இயல்பு கைவிடப்பட்டுள்ளது. எனினும், எளிய கடையொன்றில் வேலைக்கு நடுவே நிறைவேற்றப்படும் தொழுகையின் அழகை அந்நாவல் மரியாதையோடு தீட்டியிருப்பதை மறுப்பதற்கில்லை.

1977இல் குடும்பத்துடன் கனடா செல்லும்போது கப்பல் மூழ்க, பை 227 நாட்கள் ஓர் உயிர்காப்புப் படகில் வங்கப் புலியொன்றுடன் மிதந்து மெக்ஸிகோ கரை சேர்கிறான். புலால் உண்ணாதவன் முதன்முதலில் ஒரு மீனைக் கொல்லும்போது அழுகிறான். பின்னாளிலும் தன் பிரார்த்தனைகளில் அம்மீனை மறப்பதில்லை. கனடாவில் மனைவி மக்களோடு வாழும் காலத்திலும் அவனது வழிபாடு தொடர்கிறது. கரையேறியதும் இறைவனை மறந்தவர் கூட்டத்தில் அவனைச் சேர்க்க முடியாது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. விசாரணைக்கு வந்த ஜப்பானிய அலுவலர்கள் புலிக் கதையை நம்ப மறுக்கிறார்கள். பை மற்றொரு கதை சொல்கிறான். அதில் விலங்குகள் இல்லை. படகில் இருந்தவர்கள் காயமுற்ற மாலுமி, பையின் தாய், சமையல்காரன், பை ஆகிய நால்வர். மாலுமி இறந்தபின் அவன் உடலைச் சமையல்காரன் உண்கிறான். பின் தாயையும் கொல்கிறான். பை அவனைக் கொன்று, அவனுடலைத் தின்று பிழைக்கிறான். தனக்குள்ளும் தீமை கிளர்ந்ததையும் அதனோடு வாழ வேண்டியிருப்பதையும் ஒரு கணம் சொல்கிறான். உடனே, இரு கதைகளுள் எது சிறந்தது என்று கேட்கிறான். அலுவலர்கள் புலிக் கதையையே தேர்கிறார்கள். இறைவன் விஷயமும் அத்தகையதே என்ற பொருளில் அவன் பதில் அமைகிறது.

இஸ்லாமிய மரபு உயிர்வேட்கையைக் குறைத்து மதிப்பதில்லை. உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களுள் ஒன்று. பசியால் உயிர் போகும் நிலையில் தடுக்கப்பட்ட உணவையும் குர்ஆன் அனுமதிக்கிறது. சித்திரவதைக்கு அஞ்சி நாவால் மட்டும் மறுத்த அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்களின் உள்ளத்து ஈமானை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் இச்சலுகைக்கு ஓர் எல்லை உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'அல் முஸ்தஸ்ஃபா'வில் இதே படகை எடுத்து ஆராய்கிறார். ஒருவரைக் கடலில் எறிந்தால் மற்றவர் பிழைப்பர் என்றாலும் எறிய அனுமதியில்லை. பட்டினியில் தவிக்கும் கூட்டம் சீட்டுப் போட்டு ஒருவரைத் தின்று பிழைக்கவும் அனுமதியில்லை என்கிறார். மார்ட்டெலின் நாவலுக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் படகுக்குள் சட்டம் நுழைந்து பார்த்திருக்கிறது. என் உயிருக்கு நிகரானது அடுத்தவர் உயிர் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை.

எல்லை மீறியவனுக்கு என்ன வழி? சிறந்த கதை என்பது நாவலின் விடை. தவ்பா என்பது நம் மரபின் விடை. மீனின் வயிற்று இருளில் யூனுஸ் (அலை) அவர்கள் செய்த பிரார்த்தனையை இங்கே நினைவுகூர வேண்டும். இறைவனைத் துதித்து, தம் தவற்றைத் தாமே ஒப்புக்கொண்டதே அப்பிரார்த்தனை. இனிமையான வேறொரு கதையை அவர்கள் அங்கே நாடவில்லை. தம்மைப் பற்றிய உண்மையை உரைத்தார்கள். மார்ட்டெலின் பை அந்த உண்மையின் வாயில்வரை வந்து, கதவைத் திறந்து, மீண்டும் சாத்திவிடுகிறான். தாயை இழந்த பதினாறு வயதுச் சிறுவன் மீது நமக்கு இரக்கமே மிகுகிறது. ஆனால் அந்தச் சாத்திய கதவையே ஈமான் என்று அழைக்கும் நாவலின் கோட்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை. இறைநம்பிக்கை, சகிக்க முடியாத உண்மையின் மீது போர்த்தும் அழகிய திரையாயின், இறைமறுப்பாளர் அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் சரி என்றாகிவிடும். நம் கல்லூரி மாணவர் பலர் இந்நாவலை மார்க்கத்துக்கு ஆதரவான நூல் என எண்ணிப் போற்றுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கரை சேராதவர்கள்

உயிர் பிழைத்தவரே கதை சொல்ல வருகிறார் என்பது இவ்வகை இலக்கியத்தின் இயல்பான குறை. காழி தனூகி (இறப்பு கி.பி. 994) துன்பத்துக்குப் பின் விடிவு கண்டோரின் வரலாறுகளை 'அல் ஃபரஜ் பஃதஷ் ஷித்தா' எனும் பெருநூலாகத் தொகுத்தார். துயருற்றோர்க்கு ஆறுதலளிக்கும் நூல் அது. ஆயினும் அந்த விடிவை இவ்வுலகில் காணாமல் மறைந்தவர்கள் எந்தத் தொகுப்பிலும் வந்து பேச முடியாது.

இது ஏட்டளவில் நிற்கும் பிரச்சினையன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்து லம்பூக் கிராமம் முற்றிலும் அழிந்தபோது, அங்கிருந்த ரஹ்மத்துல்லாஹ் பள்ளிவாசல் மட்டும் நின்றது. அந்தப் படத்தை உலக முஸ்லிம்கள் அற்புதத்தின் சான்றாகப் பரப்பினார்கள். அதைக் கண்டு ஈமான் வலுப்பெற்றோர் இருக்கலாம். ஆனால் அதே பள்ளியில் அன்றாடம் தொழுதவர்களும் அக்கிராமத்தில்தானே மாண்டார்கள்? பிழைத்தலே ஈமானின் சான்று எனில், அவர்களைப் பற்றியும், நம் நாகப்பட்டினக் கடற்கரையில் பிள்ளைகளை இழந்த தாய்மாரிடமும் நாம் என்ன சொல்வோம்?

நீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீத் ஆவார் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவிப்பு இக்கேள்விக்கு விடையளிக்கிறது. கரை சேராதவரை அது தோற்றவராகக் காணவில்லை. புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வரும் தொண்ணூற்றொன்பது கொலை செய்தவனின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. நூறாவது கொலையையும் செய்தபின் தவ்பா நாடி நல்லோர் ஊருக்கு அவன் புறப்படுகிறான். போய்ச் சேரவில்லை; வழியிலேயே இறந்துவிடுகிறான். அவன் திரும்பிய திசையைக் கொண்டே கருணை அவனை ஏற்றுக்கொண்டது. புனைகதையாளர் எவரும் முடித்துக் காட்டத் தயங்கும் முடிவு இது: தலைவன் பிழைக்கவில்லை, ஆனால் ஈடேறிவிட்டான்.

நதியின் நடுவில் ஒரு குரல்

இதற்கு மாறாக, சமயப் பேச்சே மிகாத ஒரு நாவல் கரையின் அளவுகோலுக்கு நெருங்கி வருவதும் உண்டு. ஸூடானிய எழுத்தாளர் தய்யிப் ஸாலிஹின் 'மவ்ஸிமுல் ஹிஜ்ரத்தி இலஷ் ஷிமால்' (1966) அத்தகையது. அதன் கதைசொல்லி இறுதியில் நைல் நதியில் இறங்கி, முன்னேறவும் திரும்பவும் இயலாமல் நடுவில் தத்தளிக்கிறான். தன் பொறுப்பில் விடப்பட்டிருந்த பெண்ணைக் காக்கத் தவறிய குற்றவுணர்வு அவனை அழுத்துகிறது. மூழ்கிவிடலாம் என்ற சோர்வுக்கு நடுவே வாழ்வதென முடிவெடுக்கிறான். வாழ்வுக்குப் பொருள் உண்டா என்ற வினாவை ஒதுக்கிவிட்டு, தன்னோடு இருக்க வேண்டிய சில மனிதர்களையும் நிறைவேற்ற வேண்டிய கடமைகளையும் அதற்குக் காரணமாகக் கொள்கிறான். உதவி கேட்டு அவன் எழுப்பும் குரலோடு நாவல் முடிகிறது. இதை ஈமானின் வெற்றி என்று உரிமை கொண்டாடுவது மிகையாகும். எனினும் தன்னிறைவு உடைந்து, தான் பிறர்க்குக் கடன்பட்டவன் என்று ஒருவன் உணரும் அக்கணம் பிரார்த்தனையின் வாயிற்படியில் நிற்பதாகும்.

யூனுஸ் (அலை) அவர்களின் வரலாறு மீன் அவர்களைக் கரையில் உமிழ்ந்ததோடு முடிவதில்லை. ஸாஃப்பாத் அத்தியாயம் மேலும் சொல்கிறது: நோயுற்று வெட்டவெளியில் கிடந்தவர்மீது கொடியொன்று படர்ந்து நிழல் தந்தது, பிறகு, ஒரு லட்சம் பேர் அல்லது அதினும் மிகுந்த மக்களிடம் அவர்கள் தூதராக அனுப்பப்பட்டார்கள். எந்த மக்களை விட்டு வெளியேறினார்களோ அவர்களிடமே அனுப்பப்பட்டார்கள் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. ஹய் மக்களைவிட்டுத் தீவுக்கு மீண்டான். க்ரூஸோ செல்வத்திற்கு மீண்டான். பை கதைக்கு மீண்டான். நபியின் வழியோ மக்களிடம் மீள்வது. ஆபத்திலிருந்து தப்பிய ஒருவரைப் பற்றிய அடுத்த நாவலை வாசிக்கும்போது, அவர் யாரிடம் திரும்பிச் சென்றார் என்ற கேள்வியையும் உடன் வைத்துக்கொண்டு வாசிப்போமாக.